ஆபீசு நேரத்து அல்லி

மருமகனே, ஒங்கம்மா அன்னிக்கு ஒருநாச் சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து ஒரு பாட்டம் பொலம்பிட்டுப் போனா. "அண்ணே, பெங்களூர்லருந்து வந்த நாளா அவன் கதவச் சாத்திக்கிட்டுக் கம்ப்யூட்டரே கதின்னு கெடந்தான். அதுகூடத் தேவல. இப்பக் கொல்லையில ஜேசிபி வச்சுக் குழி தோண்டிருக்கான்"ன்னா. குழின்னதும் எனக்குத் திக்குன்னுச்சு. யாரப் பொதைக்கப் போறானோன்னு துண்ட உதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெரசா வந்து பாத்தா, நீ பூ வளக்கப் போறியாம்.

குழின்னா ஒனக்குக் கோவம் வருது. 'பாண்டு'ங்குற. சரி, பாண்டு. பன்னெண்டடி நீளம், எட்டடி அகலம், கறுப்புப் படுதா. இதையேதான் மலை மேல ஏலத்தோட்டத்துல நாங்க பெருசா விரிச்சு, மழத்தண்ணியத் தேக்கி, படுதாக் குளம்னு பேரு சொல்லி, கோடையில செடிக்கு எறைப்போம். அங்க அதுக்கு வேல இருக்கு. ஒங்கொல்லையில அது ஒரு சிமிட்டித் தவளைக்குக் காவல் காத்துக்கிட்டு இருக்கு. நடுவுல கலர் லைட்டோட தண்ணி பீச்சுற மோட்டாரு வேற. அத நீ போட்டுக் காட்டுன அழகு இருக்கே, மருமகனே, ராத்திரி முழுக்க எங்க தெருவுல கோயில் கொடைன்னு நெனச்சு நாலு பேரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்க.

அப்பறம் அந்தப் பார்சலப் பிரிச்ச. மூணு பொட்டலம். ஒவ்வொண்ணுலயும் ஈரத் துணியில சுத்துன வெரல் மொத்தக் கெழங்கு, பாக்குறதுக்கு முத்துன இஞ்சித் துண்டு. வெலையக் கேட்டுட்டு ஒங்கம்மா அன்னிக்கு ராத்திரி சோறு திங்கல. சீட்டுல 'ஹார்டி வாட்டர் லில்லி'ன்னு அச்சடிச்சிருக்கு. ஹார்டின்னா என்னப்பான்னு கேட்டேன். "எதையும் தாங்கும் மாமா"ன்ன. எதையும் தாங்குறது ஒங்கம்மா. அந்தச் சீட்டு எழுதுனவன் சொன்னது குளிர மட்டுந்தேன். ஐரோப்பா, அமெரிக்கான்னு குளிர் தேசத்துக் குளத்துல மேல் தண்ணி ஒறைஞ்சு பாளமா நிக்கிறப்ப, எலையெல்லாம் உதுத்துட்டு, சேத்துக்குள்ள கெழங்க மட்டும் வச்சுக்கிட்டுத் தூங்குற சாதி அது. வசந்தம் வந்ததும் எந்திரிக்கும். அதுக்குத்தேன் அந்தப் பேரு. நம்ம ஊரு தேவாரத்துல பனிக்கட்டிய ஐஸ் வண்டியில மட்டுந்தான் பாக்க முடியும். சித்திர மாசத்துல கம்பளிப் போர்வைய முழு வெல குடுத்து வாங்கிட்டு வந்து நிக்கிற நீ.

மொகத்தத் தொங்கப் போடாத. இங்கயும் அது பொழைக்கும். மார்கழி, தையில கொஞ்சம் சோம்பும், எலை கொறையும், முழுத் தூக்கம் தூங்காது. அதுக்குச் சோதனையெல்லாம் கோடையிலதேன். சின்னத் தொட்டியில, அரை வாளித் தண்ணியில வச்சவனுக்கு மத்தியானம் தண்ணி வெந்நீராகி, கெழங்கு அவிஞ்சு போகும். நீ ஜேசிபி வச்சு வெட்டுன ஆழம் அந்த ஒரு விசயத்துக்கு ஆகும். ஒன்னையப் பாராட்டுறதுக்கு எனக்கு ஒரு காரணம் கெடைச்சதுல எனக்கே ஆச்சரியம்.

இவருக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னு முழிக்கிற. உடும்பன்சோலைப் பக்கம் முப்பது வருசம் கங்காணியா இருந்தவன் நான். மொதலாளி பங்களா வாசல்ல ஒரு சிமிட்டித் தொட்டி, அதுல இதே சாதி அல்லி. மொதலாளியம்மா அதப் பாத்துக்குற பொறுப்ப என் தலையில கட்டுனாங்க. மூணு தடவ கொன்னேன். நாலாவது தடவ என்ன பண்றதுன்னு தெரியாம சும்மா விட்டேன், பூத்துருச்சு. அந்த மூணு கொலையும் எப்பிடிப் பண்ணேங்குறதத்தேன் ஒனக்கு இப்பச் சொல்லப் போறேன். அதே வழியில நீயும் போய்க்கிட்டு இருக்கயில்ல, தடம் மாறிறக் கூடாது பாரு.

மொதல்ல எடம். தோட்டம் முழுக்க வெயிலு காயுது, நீ தேடிப் பிடிச்சு வேப்ப மரத்துக்கு மேக்கால, நெழல்ல வெட்டிருக்க. குளுகுளுன்னு இருக்கும்ங்குற. ஒனக்கு இருக்கும், கட்டிலப் போட்டுப் படு. அல்லிக்கு ஒரு நாளைக்குக் கொறஞ்சது ஆறு மணி நேரம் நேர் வெயிலு வேணும். நம்ம ஊரு அமைப்பையும் பாரு. மேக்க சுவரு வச்ச மாதிரி மலை. கெழக்கத்தி ஊர்க்காரன் சாயங்காலம் பொழுது சாயுறதப் பாத்துக்கிட்டு இருக்குறப்ப, நமக்கு அதுக்கு முன்னாடியே சூரியன் மலைக்குப் பின்னால போயிருவான். மிச்சம் நமக்கு வாய்ச்சது காலை வெயிலு, அதையும் கெழக்க நிக்கிற வேப்ப மரத்துக்கு எழுதி வச்சுட்ட. "எப்ப மாமா பூக்கும்?"னு கேட்டயே, சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு வர்றப்பப் பூக்கும். ஏலத்துக்கு நெழலுதேன் உசுரு. அதுக்கே நாங்க மழைக்கு முன்னாடி மரமேறிக் கொப்பு கழிப்போம். அருவாளை எடுத்து அந்தக் கெழக்குக் கொப்ப எறக்கு. மரத்தையே வெட்டிறாத, ஒங்கப்பன் வச்சது. வேப்பம்பூவும் சருகும் தண்ணியில விழுந்து அழுகுறதும் அதோட பாதி கொறையும்.

காத்துக்கு என்ன பண்ணப் போற? ஆடி மாசக் காத்து கணவாய் வழியா வந்து இங்க ஓட்டைப் பிரிக்கும். இந்தக் காத்த நம்பித்தேன் நம்ம ஜில்லாவுல பெரிய பெரிய காத்தாடிய நட்டு வச்சிருக்கான். அல்லி எலை தண்ணி மேல தட்டு மாதிரி படுத்துக் கெடக்கணும். காத்து அதத் தூக்கிப் பொரட்டிப் போட்டா அடிப்பக்கம் காஞ்சு கருகிரும். மேக்குப் பக்கம் நெருக்கமா ஏதாச்சும் வேலி போடு, வாழையாவது வையி. வாழ எலை நாராக் கிழிஞ்சாலும் அல்லி எலை தப்பிக்கும்.

அந்தப் பீச்சுற மோட்டார நிப்பாட்டிரு. அல்லி அசையாத தண்ணியில பொறந்த சாதி. எலை மேல சதா தண்ணி தெளிச்சுக்கிட்டே இருந்தா அதுக்குப் பிடிக்காது, பூவும் வராது. அருவி பாக்கணும்னு ஆச இருந்தா கம்பத்துக்குப் பஸ்ஸேறிச் சுருளிக்குப் போ, குளிச்சிட்டும் வரலாம்.

இனி நடவு. இங்கதேன் எனக்கு வயிறு எரிஞ்சது. பூந்தொட்டிக்குப் போடுற தென்னை நார்த்தூள் கலவையக் கிலோ கணக்கா வாங்கி, அதுல கெழங்க நட்டு, தண்ணிக்குள்ள எறக்குன. எறக்குன கையோட நாரெல்லாம் மேல வந்து மெதந்துச்சு, காவிரியில பதினெட்டாம் பெருக்குக்கு நொர வந்த மாதிரி. கெழங்கும் பின்னாலேயே மேல வந்து ஒன்னையப் பாத்துச்சு. நீ என்ன பண்ண? ஒரு கருங்கல்லத் தூக்கி அது தலை மேலயே வச்ச.

மருமகனே, ஒங்கப்பன் ஏலத்தட்டை நட்டதப் பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட, நீ அப்பக் கான்வென்ட்டுல இருந்த. தட்டைய எப்பவும் மேலாப்புல வைக்கணும். கழுத்தப் பொதைச்சா அழுகிரும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அந்த மலையில. இந்த அல்லிக் கெழங்கும் அந்த வம்சந்தேன், படுக்கையிலயே ஓடுற கெழங்கு. ஒரு முனையில வெட்டுக் காயம் இருக்கும், இன்னொரு முனையில எலைக்குருத்துக் கூம்பு இருக்கும். அகலமான பிளாஸ்டிக் டப்பு ஒண்ணு எடுத்துக்க; ஆழம் தேவையில்ல, அகலந்தேன் வேணும். வெட்டுக்காயப் பக்கத்த டப்போட ஓரத்துல ஒட்டி வச்சு, குருத்து நடுவப் பாத்து, லேசா நிமிந்து, சாய்மானத்துல உக்காந்திருக்குற கெழவன் மாதிரி வையி. அப்பத்தேன் அது ஓரத்துலருந்து நடுவுக்கு நடந்து போறதுக்கு எடம் இருக்கும். மண்ணு கெழங்க மூடலாம், குருத்தக் கண்டிப்பா மூடக் கூடாது. மேல ரெண்டு வெரக்கடை ஆத்து மணலப் பரத்தி விடு, மண்ணு கலங்காது.

மண்ணுன்னா மண்ணு. வெலைக்கு விக்கிற கருப்புத் தூளு மண்ணில்ல. கண்மாய் வண்டல், இல்லாட்டி வயக்காட்டுக் களி. கையில பிடிச்சா உருண்டை நிக்கணும். வண்டல விவசாயத்துக்கு இனாமாவே எடுத்துக்கலாம்னு அரசாங்கமே சொல்லி, தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் குடுக்குறாரு. நீ ரெண்டு டப்பு மண்ணுக்கு மனு எழுதிக்கிட்டுப் போய் நிக்காத, பக்கத்து வயக்காரர்கிட்டக் கேளு, ஒரு டீ வாங்கிக் குடு, முடிஞ்சது. சாணியக் கீழ போடலாமான்னு ஒங்கம்மா கேட்டா. பச்சைச் சாணி ஆகாது தாயி, தண்ணிக்கடியில பொங்கி நாத்தம் எடுக்கும், வேரும் அவியும்.

டப்ப எடுத்த எடுப்புல குளத்தோட அடியில எறக்கிறாத. கீழ நாலு செங்கல அடுக்கி, குருத்துக்கு மேல ஒரு சாண் தண்ணி நிக்கிற மாதிரி வையி. எலை மேல வந்து விரிஞ்சதும் ஒரு செங்கல உருவு. அது காம்ப நீட்டி எட்டிப் பிடிக்கும். அப்பறம் இன்னொண்ணு. கடைசியில ஒரு முழத்துல நிக்கட்டும். பிள்ளையப் பள்ளிக்கொடத்துல விடுற மாதிரி, கொஞ்சங் கொஞ்சமா. ஒன்னைய மொத நாளு பள்ளிக்கொடத்துல விட்டது நாந்தேன், தெரியுமில்ல? என் வேட்டிய விடாம இடுப்போட உருவிட்ட. அது வேற கதை.

உரம்னு ஒரு பெரிய தப்பு பண்ணிட்ட. ரெண்டு கை யூரியாவ அள்ளி, கோழிக்குத் தீனி எறைக்கிற மாதிரி தண்ணியில எறைச்ச. மூணாம் நாளு குளம் பாசிப்பயறு அரைச்ச மாவாட்டம் ஆச்சு. உடனே பயந்து எல்லாத் தண்ணியையும் எறைச்சு ஊத்திட்டுப் புதுத் தண்ணி விட்ட. மறுபடியும் பச்சை. மறுபடியும் எறைப்பு. நாலு தடவ. தெருவுல தண்ணி வராம ஜனங்க கொடத்தோட நிக்கிறப்ப நீ நாலு தடவ. புதுக் குளம்னா மொதல்ல பச்சை அடிக்கத்தேன் செய்யும். அல்லி எலை விரிஞ்சு குளத்துல பாதிக்கு மேல மூடுனதும், வெயிலு கீழ எறங்காம அந்தப் பச்சை தன்னால சாகும். நீ தண்ணிய மாத்த மாத்த அது புதுசாப் பொறக்கும். ஆவியாப் போனத மட்டும் ஊத்து. குழாய்த் தண்ணியின்னா ஒரு நா முழுக்கத் தொட்டியில வெயிலு காட்டி ஊத்து, மருந்து வாடை போகட்டும். உரம் போட்டே ஆகணும்னு கை அரிச்சா, ஒரு கரண்டி கலப்பு உரத்தப் பேப்பர்ல மடிச்சு, களிமண்ணுல உருட்டி, டப்பு மண்ணுக்குள்ள வெரலால ஆழமா அழுத்தி வையி. மாசத்துக்கு ஒரு தடவ. சோத்த எலையில போடு, திண்ணையெல்லாம் எறைக்காத.

மூணு கெழங்கு போதுமா, இன்னும் பன்னெண்டு ஆர்டர் போடட்டுமான்னு கேக்குற. ஒவ்வொண்ணும் நாலடி அகலத்துக்குக் கைய விரிக்கும், மருமகனே. மூணே போதும்.

இந்த வெளிநாட்டு அல்லியோட கதைய நீதேன் அன்னிக்கு எனக்குச் செல்லுல படிச்சுக் காட்டுன. பிரான்சு தேசத்துல லாத்தூர்-மார்லியாக்னு ஒருத்தரு, 1875-ல அல்லிக்குன்னே ஒரு பண்ணை போட்டாரு. அதுக்கு முந்தி குளிர் நாட்டுக் குளத்துல பெரும்பாலும் வெள்ளை அல்லிதேன். இவரு அமெரிக்கா மஞ்சளக் கொண்டாந்து கலந்து, ரோசு, செவப்பு, மஞ்சள்னு குளிருக்குத் தாங்குற கலரா எறக்கிவிட்டாரு. எப்பிடிக் கலந்தேன்னு கடைசி வரைக்கும் வாயத் தொறக்கல. நம்ம போடி ஏலக்கா யாவாரிங்க துண்டுக்குள்ள கையவிட்டு வெல பேசுன சாதி. 1889-ல பாரிசுல நடந்த கண்காட்சியில அந்தப் பூவையெல்லாம் தண்ணியில மெதக்கவிட்டாரு. அதக் கண்டு மயங்குன ஒருத்தரு மோனே, படம் வரையுறவரு. அவரு ஜிவெர்னிங்குற கிராமத்துல எடம் வாங்கி, ஓடைத் தண்ணிய வளைச்சு, 1893-ல குளம் வெட்டக் கெளம்புனாரு.

ஊர்க்காரன் சும்மா விடுவானா? என்னமோ அசலூருச் செடியெல்லாம் வைக்கிறான், ஓடைத் தண்ணி வெசமாகி எங்க மாடு செத்துப் போகும்னு ஆட்சேபம் பண்ணிட்டான். அந்த எடத்த நீ படிச்சப்ப நான் எந்திரிச்சு உக்காந்தேன். அத்தனை தூரத்துல இருக்குறவன் நம்ம ஊரு ஆளு மாதிரியே பேசிருக்கான் பாத்தியா! பாவம் அந்த மனுசன் மேலதிகாரிக்குக் கடுதாசி எழுதி, கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்குனாரு. அப்பறம் முப்பது வருசத்துக்குக் கிட்ட அந்தக் குளத்தையே பாத்துப் பாத்துச் சுமாரு இருநூத்தம்பது படம் வரைஞ்சாரு. எலை மேல படியுற தூசியக் கழுவுறதுக்குன்னே ஒரு தோட்டக்காரரு படகுல போவாராம் தெனமும். நீ அத வாசிச்சுட்டு எம்மூஞ்சிய ஏறிட்டுப் பாத்த பாரு, அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. எனக்கு நீச்சலும் தெரியாது, படகும் ஏற மாட்டேன். சொல்லிப்புட்டேன்.

ஒனக்குப் பொறந்த ஊரு அல்லியே தெரியாதுங்குறதுதேன் எனக்குத் தாங்கல. நாங்க பொடிசா இருக்குறப்பக் கண்மாயில இடுப்பளவு தண்ணியில எறங்கி அல்லியப் பறிப்போம். நீளக் காம்ப இந்தப் பக்கம் ஒரு துண்டு ஒடிச்சு, தோலு அறாம உரிச்சு, அந்தப் பக்கம் ஒரு துண்டு ஒடிச்சு, மாத்தி மாத்தி ஒடிச்சுக்கிட்டே போனா சங்கிலி மாதிரி தொங்கும், அடியில பூ பதக்கமா ஆடும். ஒங்கம்மா கழுத்துல நான் எத்தனை போட்டிருக்கேன். அவ அதப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயி, கண்மாய்க்கா போனீங்கன்னு அடி வாங்குனதும் உண்டு. காட்டிக் குடுத்தது அந்த மாலைதேன்.

அந்த அல்லி ராத்திரிப் பூ. பொழுது சாஞ்சா விரியும், மறுநா காலையில பத்து, பதினொண்ணுக்குச் சுருங்கிரும். நெலாவுக்குக் காத்திருக்குற பொண்ணுன்னு பாட்டுக் கட்டுறவன் கட்டுவான். நான் எஸ்டேட் வாச்மேன்னு சொல்லுவேன், நைட் டூட்டி. ஒங்குளத்துல இருக்குறது அப்பிடியில்ல. காலையில எட்டரை ஒம்பதுக்கு மெதுவாக் கதவத் தொறக்கும், மூணு நாலு மணிக்குப் பூட்டிட்டுப் போயிரும். ஆபீசு நேரத்து அல்லி. நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அமெரிக்காக்காரனுக்கு வேல பாத்துட்டுப் பத்தரைக்கு எந்திரிக்கிற ஆளு. கலர் லைட்டப் போட்டுக்கிட்டு ராத்திரியில பூவத் தேடுனா அது எப்பிடிப்பா இருக்கும்? ஒனக்கேத்தது நம்ம நைட் டூட்டி அல்லிதேன். பார்சல் போடுறதுக்கு முன்னாடி மாமன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.

மலைக்கு அங்கிட்டு, கோட்டயத்துக்குப் பக்கத்துல மலரிக்கல்னு ஒரு ஊரு. அங்க நெல்லு அறுத்த வயல்ல தண்ணி நிக்கிறப்ப, செவப்பு ஆம்பலு தன்னால மொளைச்சு, ஏக்கர் ஏக்கரா ரோசு சமுக்காளம் விரிச்ச மாதிரி பூத்துக் கெடக்கும். எவனும் நடல, எவனும் யூரியா எறைக்கல. விடியக்காலம் சின்னப் படகுல ஏத்திக் கூட்டிட்டுப் போயிக் காட்டுறாங்க, பத்து மணிக்கெல்லாம் மூடிரும்னு ஜனம் அடிச்சுப் பிடிச்சு ஓடுது. வெதப்புக்கு நாளு வந்ததும் விவசாயி தண்ணிய வடிச்சுட்டு, அம்புட்டுப் பூவையும் ஒதுக்கிட்டு நெல்லப் போடுறான். அவனுக்கு அது களை.

சரி, கொசுவுக்கு வருவோம், ஒங்கம்மா கேட்டதுல நியாயமான ஒரே கேள்வி அது. டெங்குக்காரங்க வீடு வீடா வந்து டார்ச்சடிச்சுப் பாக்குறாங்க. புழு நெளிஞ்சா ஒன்னைய விட மாட்டாங்க, விடவும் கூடாது. பத்துக் கப்பி மீனு வாங்கி விடு, ரெண்டு மாசத்துல நூறாகும், புழு ஒண்ணு மிஞ்சாது. ஆனா மிஞ்சுன மீனக் கொண்டு போயி ஓடையிலயோ கண்மாயிலயோ ஊத்திறாத; அது வெளியூருச் சாதி, நம்ம அயிரையையும் கெண்டையையும் வாழ விடாது. புல்கெண்டைய ஆசைப்பட்டு விட்டயின்னா, எலை தழையெல்லாம் கீரையாட்டம் மேஞ்சிட்டு, பார்சல் சீட்ட மட்டும் ஒனக்கு மிச்சம் வைக்கும்.

எலையில கறுப்பு கறுப்பா அசுவினி ஒட்டும். ஏலத்தோட்டத்து ரத்தம் ஒனக்கு, உடனே மருந்தடிக்கிற ஸ்பிரேயரத் தேடுவ. மீனோட சேந்து குளமே போயிரும். எலையக் கையால தண்ணிக்குள்ள ஒரு அமுக்கு அமுக்கி விடு, பூச்சி மெதக்கும், மீனு தின்னும். மஞ்சப் பாஞ்ச எலைய அப்பப்பக் காம்பு வேரடி வரைக்கும் வெரலால தொடந்து போயிக் கிள்ளி எடு. அம்புட்டுத்தேன் வைத்தியம்.

இப்ப வெளையாட்டில்லாம ஒண்ணு. படுதாச் சரிவு பாசி பிடிச்சா சோப்பு மாதிரி. மலையில படுதாக் குளத்துல கால் வழுக்கி விழுந்தவன் நீச்சல் தெரிஞ்சாலும் ஏற முடியாமத் தவிச்சத நான் கண்ணால பாத்திருக்கேன். பிடிக்க ஒண்ணும் இருக்காது. ஒங்கக்கா பிள்ளைக லீவுக்கு வரும். சுத்தி இடுப்பளவுக்குக் கம்பிவலை அடிச்சு, வாசலுக்குக் கொக்கி போடு. முடிச்சுப் போட்ட கயிறு ஒண்ண வேப்ப மரத்துல கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிடு. அது அழகா இருக்காதுன்னு சொல்லாத. நாளைக்கே நான் வந்து பாப்பேன்.

நாளைக்கு வர்றதப் பத்திச் சொன்னதும் சிரிக்கிற. ஆமா, தெனமும் காலையில ஒம்பதுக்கு ஒங்கொல்லை வழியா வர்றேன்தேன். டீக்கடைக்குப் போற குறுக்கு வழி அது. டீக்கடை எதுத்தாப்புல இருக்குன்னு ஒங்கம்மா சொன்னாளா? அவ எப்பவும் அப்பிடித்தேன்.

நீ பண்ண இத்தனை தப்பையும் தாங்கி, ஒரு ரோசு மொட்டு போன வெசாழக்கெழமை மொதத் தடவ விரிஞ்சப்ப நீ குறட்டை விட்டுக்கிட்டு இருந்த. நாந்தேன் பாத்தேன். ஏலத்தோட்டத்துக்குப் போற ஜீப்பெல்லாம் எப்பவோ போயிருச்சு, தெருவுல சத்தமே இல்ல. மொதல்ல வெளிப் பச்சை இதழு நாலும் கீழ சாஞ்சு தண்ணியத் தொட்டுச்சு. அப்பறம் உள்ள ஒவ்வொரு அடுக்கா. குனிஞ்சு உள்ள பாத்தேன். நடுவுல சின்னக் கிண்ணம், அதுல பளபளன்னு தண்ணி மாதிரி ஒரு சொட்டு. மொத நாளு அது பொம்பளப் பூ. வேற பூவுல பொடி பூசிக்கிட்டு வந்த ஒரு சின்ன ஈ, வழுக்கி அந்தச் சொட்டுக்குள்ள விழுந்து எந்திரிக்கல. பொடி கரைஞ்சு சேந்திருச்சு. மறுநாளு அந்தக் கிண்ணத்துல ஈரமே இல்ல. சுத்தி நிக்கிற மஞ்ச நரம்பெல்லாம் பொடியக் கொட்டுது. அதே பூ ஆம்பளையாகிப் போச்சு. நாலாம் நாளு மூடுனது தொறக்கவே இல்ல. காம்பு ஸ்பிரிங்கு மாதிரி சுருண்டு பூவத் தண்ணிக்குள்ள இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. "பூவ யாரோ பறிச்சிட்டாங்க"ன்னு நீ தெருவுல நின்னு கத்துனயே, அது இதுதேன். எம்பேரச் சந்தேகமா இழுத்ததயும் நான் கேட்டேன். பரவால்ல, மறந்துட்டேன்.

ரெண்டு வருசம், மூணு வருசம் போச்சுன்னா கெழங்கு டப்ப நெறைச்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். எலையெல்லாம் படுக்க எடமில்லாம தண்ணிக்கு மேல எந்திரிச்சு நிக்கும், பூ கொறையும். அப்ப வெளிய தூக்கி, குருத்து இருக்குற முனைகள ஒரு சாண் நீளத்துக்கு அறுத்து, பழைய கெழங்கத் தூரப் போட்டுட்டுப் புது மண்ணுல நடணும். ஒரு கெழங்கு அஞ்சாறு ஆகும். மிச்சத்த என்ன பண்றதுன்னு நீ செல்லுல தேட வேணாம்.

எங்க மாடு வித்து நாலு வருசமாச்சு. கொட்டத்துல கழனித் தொட்டி சும்மா கெடக்கு, கெழக்கப் பாத்த எடம், மரமில்ல, நல்ல வெயிலு. நேத்துத்தேன் தேங்கா நாரப் போட்டுத் தேச்சுக் கழுவிக் கவுத்து வச்சிருக்கேன். வண்டலும் ரெண்டு கூடை வந்திருச்சு. அந்த ரோசுக் கெழங்குல ஒரு குருத்து எனக்கு வேணும், மருமகனே. ஒங்கத்தைகிட்டச் சொல்லிறாத.